பள்ளி மாணவர்களுக்கான உடல்நலம், மனநல ஆலோசனை மற்றும் பாதுகாப்புச் சேவைகள்: பெற்றோருக்கும் பராமரிப்பாளர்களுக்கும் ஒரு வழிகாட்டி

உடல்நலக் குறைபாடு, மனவருத்தம், துன்புறுத்தல் ஆகிய மூன்றும் வெவ்வேறானவை. எனினும் பள்ளிப் பருவத்தில் இம்மூன்றும் பெரும்பாலும் ஒரே தோற்றத்தில் வெளிப்படுகின்றன. குழந்தை பள்ளிக்குச் செல்ல மறுக்கிறது, படிப்பில் பின்தங்குகிறது, சரியாக உண்பதில்லை, யாரிடமும் பேச விரும்புவதில்லை. இரத்தசோகையால் சோர்ந்திருக்கும் மாணவியும், கரும்பலகையில் உள்ள எழுத்து தெரியாத மாணவனும், வகுப்பில் அடிக்கு அஞ்சி நடுங்கும் சிறுவனும் வீட்டில் ‘சோம்பேறி’ என்ற ஒரே பெயரைப் பெற்றுவிடுகின்றனர். காரணம் அறியாமல் கண்டிப்பதால் குழந்தை மேலும் ஒடுங்கிப் போகும். தமிழ்நாட்டில் பள்ளி மாணவர்களுக்கென உள்ள சேவைகள் யாவை, அவற்றை எப்போது நாட வேண்டும், நாடினால் என்ன நடக்கும் என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

உடனடி உதவிக்கான தொலைபேசி எண்கள்

பின்வரும் எண்களை உங்கள் கைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். குழந்தையின் பள்ளி நாட்குறிப்பின் முதற்பக்கத்திலும் எழுதி வையுங்கள்.

- 108: அவசர ஊர்தி. விபத்து, மயக்கம், வலிப்பு, நஞ்சு உட்கொள்ளல் போன்ற எல்லா அவசர நிலைகளுக்கும்.
- 104: மருத்துவ உதவி மற்றும் ஆலோசனைச் சேவை. உடல்நலம், மனஅழுத்தம், தேர்வு அச்சம் ஆகியவை குறித்துப் பேசலாம்.
- 14416: ‘நட்புடன் உங்களோடு’ மனநலச் சேவை. தேசிய தொலைமனநலத் திட்டத்தின் தமிழ்நாட்டுச் சேவையான இது, 2022ஆம் ஆண்டு அக்டோபர் முதல் 24 மணி நேரமும் கட்டணமின்றி இயங்குகிறது.
- 1098: குழந்தைகள் உதவி எண். 18 வயதுக்குட்பட்ட எவருக்கும், 24 மணி நேரமும், கட்டணமின்றி.
- 14417: பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண். கல்வி வழிகாட்டுதல், ஆலோசனை, பள்ளி தொடர்பான புகார்கள்.
- 112: காவல்துறை உள்ளிட்ட அவசர உதவி.
- 1930: இணையவழிக் குற்றங்கள் குறித்த உதவி.

இவ்வெண்களைக் குழந்தையே நேரடியாக அழைக்கலாம். பெற்றோரின் அனுமதி தேவையில்லை.

பள்ளியில் கிடைக்கும் மருத்துவச் சேவைகள்

மருத்துவப் பரிசோதனை: 2013ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ், நடமாடும் மருத்துவக் குழுக்கள் அரசு மற்றும் அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறையும், அங்கன்வாடி மையங்களுக்கு ஆண்டுக்கு இருமுறையும் வருகை தருகின்றன. பிறவிக் குறைபாடு, சத்துக் குறைபாடு, நோய்கள், வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கு வகைகளில் 18 வயது வரையிலான குழந்தைகள் பரிசோதிக்கப்படுகின்றனர். இதயக் கோளாறு, காது கேளாமை, பற்சிதைவு, தோல்நோய், பார்வைக் குறைபாடு ஆகியவை இப்பரிசோதனையில் கண்டறியப்படுபவற்றுள் சில. குறைபாடு கண்டறியப்பட்ட குழந்தை உரிய மருத்துவமனைக்கோ, மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்துக்கோ பரிந்துரைக்கப்படும். சிகிச்சை கட்டணமின்றி வழங்கப்படுகிறது.

பரிந்துரைச் சீட்டு புத்தகப்பைக்குள்ளேயே கிடந்து மறக்கப்படுவது நேர்கிறது. மருத்துவக் குழு பள்ளிக்கு வந்து சென்ற நாளன்று, ‘சீட்டு ஏதேனும் கொடுத்தார்களா?’ என்று தவறாமல் கேளுங்கள். அறிகுறி ஏதும் வெளியே தெரியவில்லை என்பதற்காகப் பரிந்துரையைப் புறக்கணிக்காதீர்கள். பார்வைக் குறைபாடுள்ள மாணவர்களுக்குக் கண்ணொளி காப்போம் திட்டத்தின்கீழ் மூக்குக்கண்ணாடி இலவசமாக வழங்கப்படுகிறது.

இரும்புச்சத்து மாத்திரை: வளரிளம் பருவத்தினருக்கு வாரம் ஒருமுறை இரும்புச்சத்து மற்றும் ஃபோலிக் அமில மாத்திரை பள்ளியில் வழங்கப்படுகிறது. இதனை உணவுக்குப் பின்னரே உட்கொள்ள வேண்டும். வெறும் வயிற்றில் உட்கொண்டால் குமட்டல் ஏற்படலாம். மலம் கறுத்து வெளியேறுவது இயல்பே, அஞ்ச வேண்டியதில்லை. தேநீரும் காபியும் இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைப்பவை. ஆகவே மாத்திரை உட்கொள்வதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் அவற்றைத் தவிர்க்கச் சொல்லுங்கள்.

குடற்புழு நீக்க மாத்திரை: ஆண்டுக்கு இருமுறை, தேசியக் குடற்புழு நீக்க நாளையொட்டி அல்பெண்டசோல் மாத்திரை வழங்கப்படுகிறது. மாத்திரையை நன்றாக மென்று விழுங்க வேண்டும். அன்று காய்ச்சலோ வேறு உடல்நலக் குறைவோ இருப்பின் ஆசிரியரிடம் தெரிவியுங்கள். குணமடைந்த பின்னர் பெற்றுக்கொள்ளலாம்.

மாதவிடாய் நலம்: புதுயுகம் திட்டத்தின்கீழ் வளரிளம் பெண்களுக்கு சானிட்டரி நாப்கின்கள் கட்டணமின்றி வழங்கப்படுகின்றன. பள்ளி செல்லாத பெண்கள் கிராம சுகாதாரச் செவிலியர் அல்லது அங்கன்வாடிப் பணியாளரை அணுகலாம். ஒவ்வொரு மாதமும் வலியால் பள்ளிக்கு விடுப்பு எடுக்க நேர்ந்தாலோ, உதிரப்போக்கு ஏழு நாட்களுக்கு மேல் நீடித்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

நீண்டகால நோயுள்ள மாணவர்கள்

ஆஸ்துமா, வலிப்பு நோய், முதல் வகை நீரிழிவு, இதயநோய் ஆகியவற்றுக்குச் சிகிச்சை பெறும் குழந்தையின் நிலையைப் பள்ளியிடம் மறைக்காதீர்கள். நோயின் பெயர், உட்கொள்ளும் மருந்து, அவசர நிலையில் செய்ய வேண்டியது, அழைக்க வேண்டிய எண் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி, மருத்துவரின் கையொப்பத்துடன் வகுப்பாசிரியரிடமும் தலைமையாசிரியரிடமும் அளியுங்கள்.

வலிப்பு நேரும்போது குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, அருகிலுள்ள கூரிய பொருட்களை அகற்ற வேண்டும். கையில் சாவியோ இரும்புத் துண்டோ கொடுப்பதால் வலிப்பு நிற்காது, காயமே ஏற்படும். வாயில் எதையும் வைக்கக் கூடாது. முழு நினைவு திரும்பும் வரை தண்ணீரும் கொடுக்கக் கூடாது. ஐந்து நிமிடங்களுக்கு மேல் வலிப்பு நீடித்தால் 108ஐ அழைக்க வேண்டும்.

நீரிழிவுள்ள குழந்தைக்குத் திடீரென வியர்வை, நடுக்கம், குழப்பம் ஏற்பட்டால் இரத்தச் சர்க்கரை குறைந்திருக்கலாம். விழுங்கும் நிலையில் இருந்தால் உடனே குளுக்கோஸ் அல்லது சர்க்கரை கலந்த நீர் கொடுக்க வேண்டும். நினைவிழந்திருந்தால் வாய்வழியே எதுவும் கொடுக்காமல் 108ஐ அழைக்க வேண்டும்.

மனநலம்: கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

வளரிளம் பருவத்தில் மனநிலை ஏற்ற இறக்கங்கள் இயல்பானவை. எனினும் பின்வரும் மாற்றங்கள் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, குழந்தையின் அன்றாட வாழ்வைப் பாதித்தாலோ உதவி நாட வேண்டும்.

- முன்பு விரும்பிய விளையாட்டு, நட்பு, பொழுதுபோக்கு ஆகியவற்றில் நாட்டமின்மை
- தூக்கமின்மை அல்லது அளவுக்கு மீறிய தூக்கம், உணவில் மாற்றம்
- காரணமின்றி எரிச்சல், அழுகை, தனிமை
- மதிப்பெண்களில் திடீர்ச் சரிவு
- சிறுவயதில் நின்றுவிட்ட படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் மீண்டும் தோன்றுதல்
- குறிப்பிட்ட ஒருவரையோ, ஓர் இடத்தையோ கண்டு அஞ்சுதல்
- உடலில் விளக்க இயலாத காயங்கள்
- ‘நான் இல்லாவிட்டால் நல்லது’ என்பது போன்ற பேச்சு

ஞாயிற்றுக்கிழமை மாலையில் தொடங்கி, திங்கட்கிழமை காலையில் மிகுந்து, விடுமுறை நாட்களில் மறையும் வயிற்றுவலியும் தலைவலியும் தனிக் கவனத்துக்கு உரியவை. இதனை நடிப்பு என்று கருதாதீர்கள். மன அழுத்தத்தால் ஏற்படும் வலியும் உண்மையான வலியே. முதலில் மருத்துவரிடம் காட்டி உடல்சார்ந்த காரணம் உள்ளதா என்று உறுதிசெய்யுங்கள். இல்லையெனில் பள்ளியில் என்ன நடக்கிறது என்று விசாரியுங்கள்.

குழந்தையுடன் எவ்வாறு பேசுவது?

மற்றவர்கள் இல்லாத, அவசரமில்லாத நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். நேருக்கு நேர் அமர்ந்து விசாரிப்பதைவிட, ஒன்றாக நடந்து செல்லும்போதோ வீட்டு வேலை செய்யும்போதோ பேசுவது குழந்தைக்கு எளிது. ‘ஏன் இப்படி இருக்கிறாய்?’ என்று கேட்பதற்கு மாறாக, ‘சில நாட்களாக நீ சரியாகச் சாப்பிடவில்லை, எனக்குக் கவலையாக இருக்கிறது’ என்று நீங்கள் கண்டதைச் சொல்லுங்கள். பிறகு காத்திருங்கள். முதல்முறை பதில் வராவிட்டாலும், கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார் என்பது குழந்தையின் மனத்தில் பதியும்.

உடன்பிறந்தோருடனோ அடுத்த வீட்டுப் பிள்ளையுடனோ ஒப்பிடாதீர்கள். குடும்பத்தின் சிரமங்களைச் சொல்லிக் குற்றவுணர்வு ஏற்படுத்தாதீர்கள். உடனே தீர்வு சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. முழுமையாகக் கேட்பதே முதல் உதவி.

தற்கொலை எண்ணம் வெளிப்பட்டால்

‘சாக வேண்டும்’ என்று குழந்தை கூறினால், அதனை மிரட்டலாகவோ கோபப் பேச்சாகவோ ஒதுக்கக் கூடாது. ‘உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?’ என்று நேரடியாகவே கேளுங்கள். இவ்வாறு கேட்பது அந்த எண்ணத்தை விதைக்காது. மாறாக, சொல்ல முடியாமல் சுமந்திருந்ததைச் சொல்வதற்கு வழி தரும்.

- குழந்தையைத் தனியே விடாதீர்கள்.
- பூச்சிக்கொல்லி மருந்து, எலி மருந்து, மாத்திரைகள் முதலியவற்றை வீட்டிலிருந்து அகற்றுங்கள் அல்லது பூட்டி வையுங்கள். இவ்வெண்ணம் பல நேரங்களில் சிறிது நேரமே உச்சத்தில் நிற்கிறது. அந்நேரத்தில் கைக்கெட்டும் தொலைவில் எதுவும் இல்லாதிருப்பதே உயிரைக் காக்கிறது.
- 14416 அல்லது 104ஐ அழையுங்கள்; அல்லது அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.
- எதையேனும் உட்கொண்டிருந்தால், அறிகுறி தோன்றும் வரை காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள். வாந்தி எடுக்கச் செய்யாதீர்கள். உட்கொண்ட பொருளின் புட்டி அல்லது உறையை உடன் எடுத்துச் செல்லுங்கள்.

காவல்துறை வழக்கு குறித்த அச்சத்தால் சிகிச்சையைத் தாமதப்படுத்தாதீர்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மனஅழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும் என்றும், அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றும் மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 கூறுகிறது.

தேர்வு முடிவுகள் வெளியாகும் காலம்

பொதுத்தேர்வு முடிவுகளும் நீட் போன்ற நுழைவுத்தேர்வு முடிவுகளும் வெளியாகும் நாட்களில் குழந்தையுடன் ஒருவர் வீட்டில் இருப்பது நல்லது. முடிவைப் பார்ப்பதற்கு முன்பே, ‘எந்த மதிப்பெண் வந்தாலும் அடுத்து என்ன செய்வது என்று சேர்ந்து யோசிப்போம்’ என்று சொல்லிவிடுங்கள். தேர்ச்சி பெறாத மாணவர்களுக்கு அதே ஆண்டில் துணைத்தேர்வு நடத்தப்படுகிறது. அதில் தேர்ச்சி பெற்று அந்த ஆண்டிலேயே மேற்படிப்பில் சேர வாய்ப்பு உண்டு. மறுகூட்டல், மறுமதிப்பீட்டுக்கும் விண்ணப்பிக்கலாம். மதிப்பெண்களை உறவினர்களுக்குத் தெரிவிப்பதா வேண்டாமா என்பதைக் குழந்தையின் விருப்பத்துக்கு விடுங்கள்.

மனநல ஆலோசனை எங்கே கிடைக்கும்?

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு செயல்படுகிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் குழுவினர் மாவட்டத்துக்குள் பிற அரசு மருத்துவமனைகளுக்கும் சென்று சிகிச்சை அளிக்கின்றனர். அவர்கள் வரும் நாளை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறியலாம். சென்னை கீழ்ப்பாக்கத்தில் உள்ள மனநலக் காப்பகத்தில் உயர்சிகிச்சை பெறலாம்.

முதல் சந்திப்பில் மருத்துவர் உங்களிடமும் குழந்தையிடமும் தனித்தனியே பேசுவார். குழந்தை தனியே பேசும்போது வெளியே காத்திருங்கள். பிறகு ‘என்ன சொன்னாய்?’ என்று வற்புறுத்தாதீர்கள். ஆலோசனைக்கு வரும் எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படுவதில்லை. மனச்சோர்வுக்கு மாத்திரை பரிந்துரைக்கப்பட்டால், அதன் பயன் தெரியச் சில வாரங்கள் ஆகும். மருத்துவரைக் கேளாமல் இடையில் நிறுத்தக் கூடாது. சிகிச்சை பற்றிய தகவல்கள் இரகசியமாகக் காக்கப்பட வேண்டும் என்பது சட்டப்படியான உரிமை. எனினும் உயிருக்கு ஆபத்து இருப்பின், குழந்தையைக் காப்பதற்குத் தேவையான அளவில் பெற்றோரிடம் தெரிவிக்கப்படும்.

உடல்ரீதியான தண்டனையும் சக மாணவர்களின் துன்புறுத்தலும்

பள்ளியில் குழந்தையை அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் இலவச கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009இன் 17ஆவது பிரிவு தடைசெய்கிறது. ‘கண்ணை மட்டும் விட்டுவிட்டு அடியுங்கள்’ என்று பெற்றோரே ஆசிரியரிடம் கூறுவது நெடுங்கால வழக்கம். அந்த அனுமதியை வழங்கும் உரிமை பெற்றோருக்கும் இல்லை.

சாதி, நிறம், உடல் தோற்றம், மாற்றுத்திறன், பாலின வெளிப்பாடு ஆகியவற்றை முன்னிட்டுச் சக மாணவர்கள் இழிவுபடுத்தினால், அதனை ‘பிள்ளைகளுக்குள் சண்டை’ என்று விட்டுவிடாதீர்கள். நாள், இடம், நடந்தது, உடனிருந்தோர் ஆகியவற்றை எழுதி வைத்து, தலைமையாசிரியரிடம் எழுத்துப்பூர்வமாக அளித்து, ஒப்புகை பெறுங்கள். நடவடிக்கை இல்லையெனில் பள்ளி மேலாண்மைக் குழுவையும், மாவட்டக் கல்வி அலுவலரையும், 14417 எண்ணையும், தமிழ்நாடு குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்தையும் அணுகலாம். நேரில் சொல்லத் தயங்கும் மாணவர்கள், பள்ளிகளில் வைக்கப்பட்டுள்ள ‘மாணவர் மனசு’ பெட்டியில் எழுதிப் போடலாம்.

பாலியல் துன்புறுத்தல்: குழந்தை கூறினால் செய்ய வேண்டியவை

துன்புறுத்துபவர் பெரும்பாலும் குழந்தைக்கு ஏற்கெனவே அறிமுகமானவராகவே இருக்கிறார். ஆகவே குழந்தை சொல்லும் பெயர் உங்களுக்கு நம்ப இயலாததாகத் தோன்றலாம். அப்போதும், ‘நீ சொல்வதை நம்புகிறேன், இதில் உன் தவறு எதுவும் இல்லை, சொன்னது நல்லது’ என்ற மூன்றையும் சொல்லுங்கள். திரும்பத் திரும்ப விவரம் கேட்காதீர்கள். குற்றம் சாட்டப்பட்டவரிடம் நேரில் சென்று மோதாதீர்கள்.

1098 அல்லது 112ஐ அழையுங்கள். அல்லது அனைத்து மகளிர் காவல் நிலையத்தை அணுகுங்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், 2012, அதாவது போக்சோ சட்டம், ஆண், பெண் வேறுபாடின்றி 18 வயதுக்குட்பட்ட அனைவருக்கும் பொருந்தும். அதன்படி:

- குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தெரிவிக்கத் தவறுவது தண்டனைக்குரியது; பள்ளி நிர்வாகிக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு.
- நல்லெண்ணத்துடன் தகவல் தருபவர் மீது வழக்குத் தொடர இயலாது.
- குழந்தையின் வாக்குமூலம் அதன் வீட்டிலோ, அது விரும்பும் இடத்திலோ பெறப்பட வேண்டும். இயன்றவரை பெண் உதவி ஆய்வாளரே பெற வேண்டும். அவர் சீருடையில் இருத்தல் கூடாது.
- குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது.
- பெண் குழந்தையைப் பெண் மருத்துவரே பரிசோதிக்க வேண்டும்; பெற்றோரோ குழந்தை நம்பும் ஒருவரோ உடனிருக்க வேண்டும்.
- குழந்தையின் பெயர், படம், முகவரி, பள்ளி ஆகியவற்றை ஊடகங்கள் வெளியிடக் கூடாது.

இயன்றவரை 72 மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எச்.ஐ.வி. தொற்றையும் கருத்தரிப்பையும் தடுக்கும் மருந்துகள் அக்காலத்துக்குள் தொடங்கினால்தான் உரிய பயன் தரும். பரிசோதனைக்கு முன் குளிப்பாட்டாமலும், ஆடைகளைத் துவைக்காமலும் வைத்திருங்கள். அவசரச் சிகிச்சைக்கு முதல் தகவல் அறிக்கையோ வேறு ஆவணமோ முன்நிபந்தனையாகக் கேட்கப்படக் கூடாது. அரசு, தனியார் மருத்துவமனைகள் அனைத்தும் இச்சிகிச்சையைக் கட்டணமின்றி அளிக்கக் கடமைப்பட்டவை. 72 மணி நேரம் கடந்திருந்தாலும் செல்லுங்கள். சிகிச்சையும் புகாரும் அப்போதும் இயலும்.

ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் பேசித் தீர்ப்பதோ, பணம் பெற்றுச் சமரசம் செய்வதோ சட்டப்படி செல்லாது. அத்தகைய சமரசத்துக்குப் பின்னும் குழந்தை அதே தெருவில் அதே நபரைக் காண நேரும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

இணையவழித் துன்புறுத்தல்

படத்தைக் காட்டி மிரட்டும் ஒருவருக்குப் பணமோ மேலும் படங்களோ அனுப்பக் கூடாது. குறுஞ்செய்திகளையும் கணக்கின் பெயரையும் அழிக்காமல் பாதுகாத்து, 1930 எண்ணிலோ தேசிய இணையவழிக் குற்றப் புகார் இணையதளத்திலோ புகார் அளியுங்கள். குழந்தையின் அந்தரங்கப் படத்தைச் சான்று என்ற பெயரில்கூட பிறருக்கு அனுப்பாதீர்கள். கைபேசியைப் பறித்துக்கொள்வது மட்டும் தீர்வாகாது. பறித்துவிடுவார்கள் என்ற அச்சத்தினாலேயே குழந்தைகள் இத்தகைய மிரட்டலை மறைக்கின்றனர்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

1098ஐ அழைத்தால் குழந்தையைக் கொண்டுபோய்விடுவார்களா?

இல்லை. முதலில் விவரம் கேட்டறிந்து, தேவையான உதவியை ஏற்பாடு செய்வார்கள். வீட்டில் இருப்பதே ஆபத்து என்ற நிலையில் மட்டும், குழந்தைகள் நலக் குழு குழந்தையின் கருத்தையும் கேட்டு மாற்று ஏற்பாடு குறித்து முடிவெடுக்கும்.

மனநல மருத்துவரிடம் சென்றது தெரிந்தால் பள்ளியில் ஒதுக்கிவிட மாட்டார்களா?

சிகிச்சை விவரத்தைப் பள்ளிக்குத் தெரிவிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தேவையெனக் கருதினால் நீங்கள் நம்பும் ஓர் ஆசிரியரிடம் மட்டும் கூறலாம்.

நீண்ட விடுப்புக்குப் பின் குழந்தையை எவ்வாறு பள்ளிக்கு அனுப்புவது?

முதலில் வகுப்பாசிரியரைச் சந்தித்துப் பேசுங்கள். முதல் வாரம் அரைநாள் வருகை, விடுபட்ட பாடங்களுக்குக் கால அவகாசம், மனம் கலங்கினால் சென்று அமர ஓர் இடம் ஆகியவற்றைக் கேட்டுப் பெறலாம். விடுப்புக்கான காரணத்தை வகுப்பில் அனைவர் முன்னும் கேட்க வேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மகளின் படிப்பை நிறுத்தித் திருமணம் செய்ய உறவினர்கள் முயன்றால்?

பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 வயது நிறைவடையாத திருமணம் சட்டப்படி தடைசெய்யப்பட்டது. 1098க்குத் தெரிவியுங்கள்.

நினைவில் கொள்க

உதவி நாடுவதற்கு, நடந்தது முழுமையாகத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. சான்று கையில் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ‘என் குழந்தை முன்பு போல் இல்லை’ என்ற ஒரு வரியே தொலைபேசியில் பேச்சைத் தொடங்கப் போதுமானது. இப்பக்கத்தில் உள்ள தகவல்கள் பொதுவான வழிகாட்டுதலுக்கானவை; இவை மருத்துவரின் நேரடி ஆலோசனைக்கு மாற்றாகாது.